பழி வெள்ளரிக்காய் மேல், சந்தேகம் சோற்று அண்டா மேல்

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் ரோட்டில், புளியரை சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மாலை போடும் இரண்டு மாதம் சைவச் சாப்பாடு மட்டும். மற்ற நாளெல்லாம் பிரியாணி. காய்கறி பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. பிரியாணிக்கு வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம், தக்காளி நறுக்கித் தயிர் ஊற்றிக் கொடுப்போம். சைவ சீசனில் முளைகட்டிய பாசிப்பயறும் உண்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லம் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனது. மூன்றரைக்குத் தென்மலையிலிருந்து போன். "பிள்ளைகள் ரெண்டும் வாந்தி எடுக்குது, உங்க சாலட்தான் காரணம்" என்று சத்தம் போட்டார்கள். மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லை, ராத்திரிக்குள் சரியாகிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து சாலட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினால் போதும் என்கிறார் அம்மா. மச்சான் காய்கறி கழுவும் திரவம் என்று ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறான். நல்ல தண்ணீரில் அலசினால் ஒன்றும் வராது என்கிறார் மார்க்கெட் அண்ணாச்சி. யார் சொல்வது சரி? சாலட்டைக் கொண்டுபோய் லேபில் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்:

தம்பி, முதலில் அந்த போனைப் பேசி முடித்துவிடுவோம். மறுநாள் நீங்களே கூப்பிட்டு விசாரித்தது நல்ல காரியம். நீங்கள் கேட்டு வைத்த அந்த இரண்டு விவரமும் இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

பச்சைக் காய்கறி வழியாக வரும் கிருமிகள் வாய்க்குள் போனதும் வேலையைக் காட்டுவதில்லை. வயிற்றைத் தாண்டி, குடலில் இடம் பிடித்து, பெருகி, அப்புறம்தான் ஆளைப் படுக்கப்போடும். சால்மோனெல்லாவுக்குக் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும்; பல சமயம் ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். ஈ.கோலையில் கொடிய வகைக்கு மூன்று நான்கு நாள். டைபாய்டுக்கு வாரக்கணக்கு. வந்தாலும் வெறும் வாந்தியோடு போகாது. வயிற்றுவலி, பேதி, காய்ச்சல் என்று ஒரு கூட்டமாகத்தான் வரும்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி கிடையாது, ராத்திரிக்குள் சரி என்றால் என் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. கிருமி உணவிலேயே உட்கார்ந்து நஞ்சைத் தயாரித்து வைத்துவிட்டிருக்கும்; நாம் சாப்பிடுவது அந்த நஞ்சை. அதனால்தான் இத்தனை சீக்கிரம் வாந்தி. இந்த வேலையைச் செய்கிறவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ், கையில் இருக்கும் புண்ணிலிருந்தும் மூக்கைத் தொட்ட விரலிலிருந்தும் உணவுக்கு வருவது. இன்னொன்று பேசில்லஸ் சீரியஸ். இதற்குச் சோறு என்றால் உயிர். அரிசியிலேயே இதன் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு சூடு ஆறி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. ஆகவே உங்கள் கடையில் நான் முதலில் எட்டிப் பார்க்க நினைப்பது சாலட் கிண்ணத்தை இல்லை, பிரியாணி அண்டாவை. அன்றைக்கு முதல் அண்டாவை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள்? சனிக்கிழமை ராத்திரி மிஞ்சியது ஏதாவது அதில் சேர்ந்ததா?

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. வயிறு நிறையப் பிரியாணி தின்ற பிள்ளைகள், பின்சீட்டில் உட்கார்ந்து, எஸ் வளைவில் தொடங்கி ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரைக்கும் வளைந்து வளைந்து போகும் மலை ரோட்டில் போயிருக்கிறார்கள். அந்த ரோட்டில் நானே ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறேன், அதுவும் வெறும் இட்லி சாப்பிட்டுவிட்டு.

சாலட் மேல் பழி விழுவது உங்கள் கடையில் மட்டும் நடப்பதில்லை. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலையின் அரிய வகை ஒன்று பரவி, ஏறக்குறைய 4,000 பேர் நோயில் விழுந்தார்கள்; 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஹாம்பர்க் நகரத்துச் சுகாதார அதிகாரிகள் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அறிவித்தார்கள். ஐரோப்பா முழுக்க வெள்ளரிக்காயை வாங்க ஆளில்லை. ஸ்பெயின் விவசாயிகள் விளைந்ததைக் கொட்டி அழித்தார்கள். சில நாளிலேயே அந்த வெள்ளரிக்காயில் இருந்தது வேறு வகை ஈ.கோலை, இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. கடைசியில் குற்றவாளியாக வந்து நின்றது வெந்தய முளை. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை ஜெர்மனியில் ஒரு பண்ணையில் முளைகட்டி விற்றிருக்கிறார்கள். காய்கறி விவசாயிகளுக்கு நஷ்டஈடாக ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளரிக்காய் எப்போதும் அப்பாவி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-ல் அமெரிக்காவில் மெக்சிகோ வெள்ளரிக்காய் வழியாகச் சால்மோனெல்லா பரவி 900 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் தடவை பழி சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஜெர்மனிக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உங்கள் பாசிப்பயறு. பயறு முளைக்க என்ன வேண்டும்? ஈரம், கதகதப்பு, இரண்டு நாள் மூடி வைப்பது. கிருமி வளரவும் அதேதான் வேண்டும். கல்லூரியில் என் ஆய்வகத்தில் கிருமியை வளர்க்க நான் வைத்திருந்த பெட்டிக்கும் உங்கள் வீட்டில் ஈரத்துணியில் கட்டித் தொங்கும் பயற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விதைத்தோலின் கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொண்டால் எந்தக் கழுவலும் அதை எட்டாது. வீட்டில் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். கடையில், முன்பின் தெரியாத நூறு பேருக்குப் பச்சை முளைப்பயறு வைக்காதீர்கள். ஆவியில் நன்றாக வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவிக் கொடுங்கள். மாலை போட்டவர்களுக்கு அது சுண்டலாகவும் ஆகிவிடும்.

சரி, காய்கறிக்கு வருவோம்.

நம் பக்கத்தில் காய்கறி என்றாலே பேச்சு "மருந்து" பற்றித்தான். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறது என்று கேரளத்தில் எழுந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கடை வாசலிலேயே லாரிகள் வரிசை கட்டியிருக்கும். மருந்து பயப்பட வேண்டிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்து பெருகாது. காலையில் இலையில் எவ்வளவு இருந்ததோ, சாயங்காலமும் அதற்கு மேல் ஏறாது. கிருமி அப்படியில்லை. இதை யோசிக்கிறவர்கள் குறைவு.

அடுத்த தடவை மார்க்கெட்டுக்குப் போகும்போது மல்லித்தழைக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேரோடு பிடுங்கியிருக்கும், வேரில் மண் ஒட்டியிருக்கும். அந்த மண், கட்டைச் சுற்றியிருக்கும் நாருக்குள், நாரிலிருந்து பக்கத்துத் தண்டுக்கு என்று ஈரத்தோடு ஏறியிருக்கும். அடியில் ஈரச்சாக்கு. வியாபாரி தண்ணீர் பாட்டிலின் மூடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வாடாமல் இருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தெளித்துக்கொண்டே இருப்பார். அந்த பாட்டிலை எங்கே நிரப்புகிறார் என்று மட்டும் கவனியுங்கள். குழாயில் பிடித்தால் சரி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்து, அதே டிரம்மில் கை கழுவுவதும் கட்டை முக்கி எடுப்பதும் நடந்தால், ஒரு கட்டில் இருந்த கிருமி மத்தியானத்துக்குள் எல்லாக் கட்டுக்கும் பங்கு வைக்கப்பட்டிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. வாடினால் யாரும் வாங்க மாட்டார்கள், அவரும் பிழைக்க வேண்டும்.

கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். மார்க்கெட் மல்லித்தழையைச் சுத்தமான நீரில் குலுக்கி, அந்த நீரில் ஒரு சொட்டை ஈ.எம்.பி. என்ற ஊதா நிற ஊடகத் தட்டில் தேய்த்து, ஒரு நாள் கதகதப்பில் வைப்போம். மறுநாள் மூடியைத் திறந்தால், ஈ.கோலை இருந்த இடத்தில் பொன்வண்டு முதுகு மாதிரிப் பச்சையாகப் பளபளக்கும் புள்ளிகள். பார்க்க அவ்வளவு அழகு. "இது எங்கே இருக்க வேண்டியது தெரியுமா? மாட்டுக் குடலில், மனுஷக் குடலில்" என்று சொன்னதும் பின்பெஞ்சுப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். அன்று விடுதியில் மல்லிச் சட்னி மிஞ்சும்.

ஈ.கோலை எல்லாமே நோய் தருவதில்லை. உங்கள் குடலிலும் என் குடலிலும் இப்போது கோடிக்கணக்கில் இருக்கின்றன, நம்மை ஒன்றும் செய்வதில்லை. இலையில் அது இருந்தால், சாணமோ மலமோ ஏதோ வழியில் அங்கே தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அது வந்த வழியில் சால்மோனெல்லாவும் வரலாம், ரத்தபேதி தரும் ஷிகெல்லாவும் வரலாம்.

வழிகள் பல. பச்சைச் சாணத்தை நேரடியாகப் போட்டால் வரும். நம் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அறுவடைக்கும் உழவுக்கும் நடுவே வயல் சும்மா கிடக்கும்போது போட்டால் பயமில்லை. வெயிலும் காலமும் சேர்ந்து கிருமியைக் கொன்றுவிடும். அமெரிக்காவின் இயற்கை விவசாய விதியில், மண்ணைத் தொடும் காய்க்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கேரட்டைப் பளபளவென்று கழுவி அனுப்புகிற இடத்தில், ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் வரும். மண்ணோடு வரும் கேரட்டைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அந்த மண்ணை நீங்கள் நல்ல தண்ணீரில் கழுவுவது மேல்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. உங்கள் கடைக்கு எந்தத் தண்ணீர் என்று கடிதத்தில் எழுதவில்லை. மலையடிவாரத்தில் இருக்கிற நம் ஆட்களுக்கு மலைத்தண்ணீர் மேல் ஒரு தனி நம்பிக்கை. ஓடையில் குழாய் போட்டு இழுத்துவிட்டு, "மூலிகைத் தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும்தான். மேலே காட்டுப்பன்றியும் மாடும் மனுஷனும் என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று கண்ணாடியில் தெரியாது. ஓடைத் தண்ணீரில் சாலட் காய் கழுவுகிறீர்கள் என்றால், இனி நான் சொல்லப்போவது எதுவும் பயன்படாது.

இப்போது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

மார்க்கெட் அண்ணாச்சி சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஓடுகிற நல்ல தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால், மேலே ஒட்டியிருக்கும் கிருமியில் பத்துக்கு ஒன்பது பங்கு போய்விடும். வாளியில் முக்கி எடுப்பதைச் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீர், தேய்க்கிற கை. மிச்சம் இருக்கும் ஒரு பங்குதான் பிரச்சினை.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உப்புத்தண்ணீரில் போட்டால் காலிஃப்ளவரிலிருந்து புழு வெளியே வரும், அதற்கு நல்லது. கைப்பிடி உப்பு சால்மோனெல்லாவை ஒன்றும் செய்யாது. மஞ்சளில் சத்து இருப்பது உண்மை, ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை. வாளி மஞ்சளாகும், அவ்வளவுதான். நானும் பூஜையறையில் மஞ்சள் வைக்கிறவள்தான். கிருமிக்கு அந்த மரியாதை தெரியாது.

மச்சான் வாங்கிய பாட்டில் அழுக்கையும் மெழுகையும் எடுக்க உதவும். தண்ணீரில் தேய்த்துக் கழுவியதைவிடக் கிருமி விஷயத்தில் அது பெரிதாகச் சாதித்துவிடாது. பாத்திரம் கழுவும் சோப்பை மட்டும் காய்கறி பக்கம் கொண்டு போக விடாதீர்கள். இலைக்குள் இறங்கிவிட்டால் அலசினாலும் போகாது.

கடைக்கு உரிய வழி குளோரின். பச்சையாகப் பரிமாறும் காய்கறியை லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். அதை நம் கணக்குக்குக் கொண்டு வருவோம். உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் வாங்குங்கள். வாசனை சேர்த்த தரை கழுவும் சரக்கு கூடவே கூடாது. கரைசல் 5 சதவீதம் என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி; 4 சதவீதம் என்றால் 12 மில்லிக்குச் சற்று மேல். கையளவில் ஊற்றாமல், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். காய் முழுதாக, தோலோடு, 5 நிமிடம் மூழ்கிக் கிடக்கட்டும். எடுத்து நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி வடிய விடுங்கள்.

இதில் ஆட்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. மண்ணோடு காயைக் கொண்டுபோய்க் குளோரின் தண்ணீரில் போடுவார்கள். மண்ணும் சருகும் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. வாசனை வரும், வேலை நடக்காது. முதலில் குழாய்த் தண்ணீரில் மண் போகக் கழுவி, அப்புறம்தான் குளோரின். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து வெயிலில் வைத்தால் அதன் வீரியம் நாளுக்கு நாள் குறையும், நிழலில் மூடி வையுங்கள். முக்கியமாக, கூடுதல் பலன் கிடைக்கும் என்று அதில் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மச்சானுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

இத்தனை செய்தாலும் நூற்றுக்கு நூறு போகாது. இலையின் துளைக்குள்ளும் வெட்டுப்பட்ட ஓரத்திலும் போய் உட்கார்ந்ததை எந்தத் திரவமும் எட்டாது. அதனால்தான் புதினாவையும் மல்லித்தழையையும் கடைசியில் பச்சையாக மேலே தூவுவதை நான் கடைகளுக்குச் சொல்வதில்லை. தம் போடும்போதே உள்ளே போட்டுவிடுங்கள், ஆவி பார்த்துக்கொள்ளும்.

நான் கவலைப்படுவது கழுவியதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

வெள்ளரிக்காயின் தோல் ஒரு மதில். அதை உரித்து நறுக்கினதும் உள்ளிருக்கும் நீரும் சத்தும் வெளியே வருகிறது. கழுவாமல் தோல் சீவினால் கத்தியே கிருமியை மேலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சீவத்தானே போகிறோம் என்று கழுவாமல் விடுவது அதனால்தான் தப்பு. நறுக்கியதை ஆனி ஆடிச் சாரலில்கூட 27, 28 டிகிரியில் வெளியே வைக்கிறோம். எல்லாம் வசதியாக அமைந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். வெள்ளரித் துண்டில் அந்த வேகம் இருக்காது. பாதி வேகம் என்று வைத்துக்கொண்டாலும் 11 மணிக்கு நறுக்கியது 3 மணிக்கு 64 மடங்கு. காலையில் கழுவிப் பத்தில் ஒன்பதைப் போக்கினோமே, அந்த லாபம் பந்தி முடிவதற்குள் காணாமல் போய்விடுகிறது. தயிரின் புளிப்பு கொஞ்சம் தடுக்கும், எலுமிச்சையும் தடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது.

ஆகவே ஒரு அண்டா நறுக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். முழுக்காயைக் காலையில் கழுவி, துடைத்து, மூடி வையுங்கள், அதில் தப்பில்லை. நறுக்குவதை முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, சின்னக் கிண்ணத்தில். வெளியில் 2 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்; சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். பிரிட்ஜில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழே, கோழிக்கு மேல் தட்டில். கோழி மேலேயும் காய் கீழேயும் இருந்தால் சொட்டுவது எங்கே விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கிண்ணத்தில் மிஞ்சியதன் மேலேயே புதிதாக நறுக்கியதைக் கொட்டுவதும் வேண்டாம், அது பழைய கிருமிக்குப் புதுச் சாப்பாடு.

நறுக்குவது யார், மச்சானா? கோழி வெட்டுவதும் அவர்தானா? அப்படியென்றால் இரண்டு பலகை, இரண்டு கத்தி. பச்சைக்கோழியில் சால்மோனெல்லா இருப்பது சாதாரணம். கோழி வேகும், வெள்ளரி வேகாது. இடுப்பில் தொங்கும் அந்தக் கரித்துணி, கை துடைக்க, பலகை துடைக்க, தட்டு துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றால், உங்கள் கடையிலேயே அதிகக் கிருமி வாழும் இடம் அதுதான். கையுறை போட்டுவிட்டால் ஆச்சு என்று நினைக்கிறார்கள். கையுறையோடு பணம் வாங்கி, கையுறையோடு தலையைச் சொறிந்து, கையுறையோடு வெங்காயம் நறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கை அதைவிட எவ்வளவோ மேல்.

கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சம்பவம் ஒன்று. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் நோயில் விழுந்து, ஒரு பள்ளி மாணவி இறந்துபோனார். சிகிச்சையில் இருந்தவர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. ஷிகெல்லா ஆடு மாட்டிலிருந்து வருவதில்லை, மனுஷனிடமிருந்துதான் வரும். பெருக வேண்டியதுகூட இல்லை. 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும். கழிப்பறை போய்வந்து சரியாகக் கழுவாத ஒரு கை போதும். அதனால் கடையில் யாருக்காவது பேதி என்றால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது. கல்லாவில் உட்கார வையுங்கள், இல்லை வீட்டுக்கு அனுப்புங்கள், சம்பளத்தைப் பிடிக்காமல். பிடித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள். கேரளத்து வாடிக்கையாளர்கள் சாப்பாடு விஷயத்தில் சட்டென்று சந்தேகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வெட்டிய வெங்காயம் காற்றில் இருக்கும் கிருமியை எல்லாம் உறிஞ்சும் என்று ஒன்று சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். வெங்காயத்துக்கு அப்படி ஒரு காந்தம் கிடையாது. வெள்ளரிக்குச் சொன்ன விதிதான் வெங்காயத்துக்கும்.

லேப் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். சாலட்டைக் கொடுத்துக் காசைப் போக்காதீர்கள். இன்று கொடுத்த கிண்ணம் நன்றாக இருந்தால் நாளைய கிண்ணத்துக்கு அது சாட்சி சொல்லாது. முடிவு வருவதற்குள் அந்தக் கிண்ணத்தைப் பத்துப் பேர் சாப்பிட்டிருப்பார்கள். அந்தப் பணத்தில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒன்று கோடையில், ஒன்று மழை தொடங்கியதும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் இந்தியக் குடிநீர்த் தரம். அறிக்கையில் மற்ற எண்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அந்த வரியைப் பாருங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள். வீட்டுக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துப் போனால், தண்ணீரை விட்டுவிட்டு பாட்டிலைச் சோதித்த கதையாகிவிடும். ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சாலட்டைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்றால், ஆரம்பிக்கலாம். முதலில் வெள்ளரி, கேரட், வெங்காயம் மூன்றோடு தொடங்குங்கள். தோல் உரிக்கும் காய் என்பதால் உங்களுக்கு வேலை எளிது. தக்காளியைப் பிறகு பார்க்கலாம். முட்டைக்கோஸை மடல் மடலாகப் பிரித்துக் கழுவ ஆள் இருந்தால் ஒழிய வேண்டாம். குற்றாலத்தில் அருவி நன்றாக விழுந்து, ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிட நேரமில்லாமல் கூட்டம் வரும்போது, முக்கால் மணிக்கு ஒரு தடவை நறுக்க ஆள் கிடைக்காது. அன்று சாலட்டே வேண்டாம். கத்தரிக்காய்க் கொத்சு வையுங்கள், எலுமிச்சை ஊறுகாய் வையுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஊறுகாய்க்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி யாராவது போன் பண்ணினால், சத்தம் அடங்கியதும் மூன்று விஷயம் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, உடன் இருந்தவர்களில் யார் எதைச் சாப்பிட்டும் நன்றாக இருக்கிறார்கள். வாந்தி பேதி நிற்கும் வரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம் என்றால், அல்லது குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்துவிட்டது என்றால், மருந்துக்கடை மாத்திரையில் நிறுத்தப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். கொடிய ஈ.கோலை சிறுநீரகத்தைத் தாக்கும். பேதியை மாத்திரையால் அடக்குவது அதில் கெடுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்டா விவரம் எனக்கு இன்னும் தெரிய வேண்டும். சோறு எத்தனை மணிக்கு இறக்கினது, ஒன்றரைக்குப் பரிமாறும்போது அடியில் சூடு இருந்ததா, மச்சான் கையில் ஏதாவது காயம் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். மச்சானிடம் கேட்கும்போது நான் சந்தேகப்பட்டதாகச் சொல்ல வேண்டாம்.